ஈயம் போன பின்பு



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் வாலிபன் ஒருவன் என்னிடம் வந்தான். மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் பணியில் எட்டு ஆண்டுகள் இருந்தவன். அந்த வேலையின் பெரும்பகுதியை இனி தானியங்கி நிரல்களே செய்துவிடும் என்று கூறி நிறுவனம் அவனை விடுவித்திருந்தது. அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்து, "தம்பி, கர்த்தர் வேறொரு வாசலைத் திறப்பார், பொறுமையோடு காத்திரு" என்றேன்.

இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் வந்தான். "நீங்கள் சொன்னபடியே காத்திருந்தேன், ஐயா. வீட்டுக் கடன் தவணைதான் காத்திருக்கவில்லை" என்றான். அச்சொல் என்னைக் குத்திற்று. நான் அவனுக்குக் கொடுத்தது விசுவாசமா, அல்லது என் அறியாமைக்கு நானே போர்த்திய போர்வையா?

அன்றிரவு என் தகப்பனாரை நினைத்துக்கொண்டேன். அவர் அச்சகமொன்றில் அச்சுக் கோப்பவர். மரப்பெட்டியின் சிற்றறைகளிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிய வரிகளைத் தடையின்றி வாசிப்பார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, 'லை', 'னை' முதலியவற்றின் பழைய வடிவங்களை விட்டுப் புதியவற்றுக்குக் கையைப் பழக்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அச்சகத்துக்குக் கணினி வந்தது. ஈய எழுத்துகள் எடைக்குப் போயின.

அப்போது அவருக்கு வயது 46. முதலாளி அழைத்துச் சொல்லும்வரை அவர் இருக்கவில்லை. மாலைதோறும் தட்டச்சுப் பயிலகத்தில், தம் பிள்ளைகளின் வயதுடையோர் நடுவே போய் அமர்ந்தார். "ஈயம் போனால் போகட்டும், தமிழ் என்னிடம்தானே இருக்கிறது" என்பார். விரல்களுக்கு வேகம் கடைசிவரை வரவில்லை. ஆனால் கணினித் திரையைப் பார்க்கும் அச்சம் நீங்கிற்று. பிழை காணும் கண் முன்பே இருந்தது. அதே அச்சகத்தில் மேலும் 12 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினார்.

மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஒரு தாலந்தைப் பெற்றவன் அதைத் திருடவில்லை, செலவழிக்கவுமில்லை. பயந்துபோய்ப் புதைத்து வைத்தான். அவனுடைய சோம்பலைக் குறித்துப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவனுடைய பயத்தை அன்றிரவுதான் கண்டேன். காத்திருப்பதாக எண்ணிக்கொண்டு நாமும் புதைப்பதுண்டு.

அடுத்த சனிக்கிழமை அவனும் நானும் ஒரு குறிப்பேட்டோடு அமர்ந்தோம். பதவியின் பெயரை விட்டுவிட்டு, அவனுக்குத் தெரிந்தவற்றை எழுதினோம். பணப் பரிமாற்றம் நடுவழியில் நின்றுபோனால் எங்கே தேடவேண்டும் என்பதை அறிவான். கண்ட குறையைப் பிறருக்கு விளங்கும்படி எழுதுவான். இவற்றை எந்த நிறுவனமும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. பின்பு, இனிக் கற்கவேண்டியது என்ன, யாரிடம் வழி கேட்பது, கைப்பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதினோம்.

அவனுக்கு இன்னும் நிலையான வேலை அமையவில்லை. ஆயினும் தன் வேலையைப் பறித்த அதே தானியங்கி நிரல்களை எழுத நாள்தோறும் காலையில் கற்கிறான். இரண்டு நேர்முகத் தேர்வுகளுக்கும் போய்வந்தான். என் ஜெபமும் மாறியிருக்கிறது. வாசலைத் திறக்கும்படி மட்டுமல்ல, எழுந்து போய்த் தட்டும் பெலனை அவனுக்குத் தரும்படியும் கேட்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் தொழிலின் ஈயம் உருகிப்போனாலும் உங்களிடம் எஞ்சியிருப்பது எது? இந்த வாரம் அதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கர்த்தர் உங்கள் முயற்சியை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.