விளக்கு எரிஞ்சதும் பிரேக் போட்டா என்ன தப்பு?

ஊருக்குப் போற ஃப்ளைட் ரன்வேயில கொஞ்ச தூரம் ஓடிட்டு டக்குனு நின்னுட்டா, நம்ம சனங்க முதல்ல கேக்கறது "என்ன ஆச்சு?"ன்னு இல்லைங்க. "எப்பக் கெளம்பும்?"னுதான். குத்தம் சொல்ல முடியாது. வருசத்துக்கு ஒரு தடவை லீவு, அதுல ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ரெண்டு மூணு ஆஸ்பத்திரி. பாலக்காட்டுலயும் சரி, இடுக்கியிலயும் சரி, நாம ஏறி இறங்க ஏர்போர்ட் கிடையாது. கோயம்புத்தூர்ல இறங்கி வாளையார் தாண்டணும். இல்லைன்னா நெடும்பாசேரியில இறங்கி மலையேறணும். மூணாறுக்கு நாலு மணி நேரம், மழைன்னா அதுக்கும் மேல. இதுல பிளேனும் நின்னா கோவம் வரத்தான் செய்யும்.

இங்க எனக்குத் தெரிஞ்ச கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருத்தர் அப்படித்தான் அக்கா பையன் முகூர்த்தத்தைக் கோட்டை விட்டார். "ஏதோ ஒரு லைட்டு எரிஞ்சுதாம் சார், அதுக்குப் போயி நிப்பாட்டிட்டானுங்க. மேல போயி பாத்துக்கிட்டா ஆவாதா?"ன்னு இன்னமும் பொருமுவார்.

ஆகாதுங்கறதுதான் விசயம்.

2025 ஆகஸ்ட் 17 ராத்திரி கொச்சியில நடந்தது ஞாபகம் இருக்கலாம். டெல்லிக்குப் போக வேண்டிய ஏர் இந்தியா 504, ஏர்பஸ் ஏ321. ஓட ஆரம்பிச்சு பறக்காமலே நின்னுடுச்சு. உள்ள இருந்த எறணாகுளம் எம்.பி. ஹைபி ஈடன், ரன்வேயில சறுக்கின மாதிரி இருந்துச்சுன்னு எழுதினார். கம்பெனி, ஓடும்போதே தொழில்நுட்பக் கோளாறு தெரிஞ்சது, விமானிங்க நடைமுறைப்படி நிறுத்திட்டாங்கன்னு சொல்லிச்சு. எல்லாரையும் பத்திரமா இறக்கினாங்க.

காக்பிட்ல மஞ்சள் விளக்குன்னா "கவனி", சிவப்புன்னா "உடனே செய்". ஆனா நிறுத்தறதா வேண்டாமாங்கறதை நிறம் மட்டும் முடிவு பண்றதில்லை, வேகமும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது. இந்த ஏர்பஸ்ல 100 நாட், அதாவது மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர், ஒரு கோடு மாதிரி. அதுக்குக் கீழ இருக்கும்போது சின்ன எச்சரிக்கை வந்தாக்கூட கேப்டன் நிறுத்தலாம். அதுக்கு மேல போனா தீ, என்ஜின் சக்தி போறது, பிளேன் பறக்காதுங்கற நிலைமை, இந்த மாதிரி பெரிய காரணங்களுக்கு மட்டும்தான். இன்னும் மேல "வி ஒன்"னு ஒரு வேகம். எடை, வெயில், காத்து, ரன்வே நீளம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்குப் போடுவாங்க. அதைத் தாண்டினா ஒரு என்ஜின் நின்னாலும் மேல போயிட்டுத்தான் திரும்பி வரணும், ஏன்னா மிச்ச ரன்வே பத்தாது.

எனக்குப் பிடிச்சது இதுதான்: 80 நாட் தாண்டினதும் மிஷினே அவசரமில்லாத எச்சரிக்கைகளை மறைச்சு வச்சுக்குது. மேல ஏறி 1,500 அடி போனப்புறம்தான் காட்டும். அந்த நேரத்துல விமானி கவனம் கலையக்கூடாதாம். பேங்க்லயும் அப்படித்தான். கையெழுத்துல சந்தேகமா, பணம் போறதுக்கு முன்னாடி எத்தனை தடவை வேணாலும் நிறுத்தலாம், கஸ்டமர் திட்டுவார், அவ்வளவுதான். போனப்புறம் சந்தேகப்பட்டா கதையே வேற.

சரி, நின்னாச்சு. உடனே திருப்பிக் கெளம்பினா என்ன? பிரேக்குதான் காரணம். வேகம் 100-ல இருந்து 140 நாட் ஆனா, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அது அத்தனையும் சூடா மாறுது. ரொம்பச் சூடானா டயர் வெடிக்காம இருக்க, சக்கரத்துல இருக்கற சின்ன அடைப்பான் உருகி காத்தைத் தானா இறக்கிவிடும். அதனால ஆறவிட்டு, பரிசோதிச்சு, எழுதிக் கையெழுத்துப் போட்டு... மணிக்கணக்காகும்.

அவசரப்பட்டா என்ன ஆகும்னு 2008 ஆகஸ்ட் 20 மாட்ரிட்ல பார்த்தோம். ஸ்பேன்ஏர் 5022. ஒரு வெப்பமானி தப்பா காட்டுதுன்னு ரன்வே பக்கத்துல இருந்து திரும்பி வந்தாங்க, அதுவரைக்கும் சரிதான். தாமதமாகி மறுபடி கெளம்பும்போது இறக்கையோட ஃப்ளாப்பை இறக்க மறந்துட்டாங்க. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒலியும் வரலை. 154 பேர் போயிட்டாங்க. விளக்கு எரிஞ்சதால நின்ன பிளேனை விட, எரிய வேண்டியது எரியாத பிளேனுக்குத்தான் நான் பயப்படுவேன்.

மஸ்கட்ல இருந்து கொச்சிக்குப் போகவிருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 442-ல, 2022 செப்டம்பர் 14, காக்பிட்ல ஒரு எச்சரிக்கையும் இல்லை. வேற பிளேன்காரங்க "உங்க என்ஜின்ல புகை"ன்னு சொன்னாங்க. டாக்சிவேயிலேயே நிறுத்தி 141 பயணிகளையும் சறுக்குப்பாதை வழியா இறக்கினாங்க. சிலருக்குச் சின்னக் காயம், அவ்வளவுதான்.

நம்ம வண்டிப்பெரியாறு சத்திரத்துல என்.சி.சி. ஓடுதளம் இருக்கில்லையா, அங்கயும் 2022 ஏப்ரல்ல ஒரு குட்டி விமானம் இறங்க வந்து, முன்னால குன்று இடிக்கும்போல இருந்ததால திரும்பிப் போச்சு. டிசம்பர்லதான் இறங்கிச்சு. எட்டு மாசம்! நமக்கு எட்டு மணி நேரத்துக்கே பொறுக்கலை.

இனி இப்படி நின்னா ஒண்ணு மட்டும் செய்யுங்க. பெல்ட்டைக் கழட்டிட்டு மேல இருக்கற பையை எடுக்க எந்திரிக்காதீங்க. வெளிய என்ஜின் ஓடிட்டிருக்கலாம், உள்ள கேப்டன் இறக்கறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கலாம். சறுக்குப்பாதை விரிஞ்சா பாஸ்போர்ட் பாக்கெட்ல இருந்தா போதும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு இறங்குங்க, அல்வா டப்பாவும் தைலமும் அங்கயே கெடக்கட்டும்.