பேகனே

அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறிக் கர்நாடகத்துக்குள் போனால் ஹனூருக்கு முன்னால் ராமாபுரம் வரும். 1997 வரை மைசூர் மாவட்டம், அப்புறம் சாமராஜநகர். அங்கே டீக்கடை வாசலில் ஒரு பாட்டி பேரனை விரட்டினாள்: “பேகா வாடா!” கூப்பிட்டது தமிழில், விரட்டியது கன்னடத்தில். டீ ஆறிப்போகும்வரை அந்த ‘பேகா’வையே மென்றுகொண்டிருந்தேன்.

நம் வேகம்தான் அது. வேலி பேலியாகி, விரல் பெரளாகி, வெள்ளி பெள்ளியாகும் நாட்டில் வேகம் மட்டும் தப்புமா? வேர் வடமொழி ‘விஜ்’; நடுங்குவது, துள்ளிப் பாய்வது. கன்னடக்காரர்கள் கெட்டிக்காரர்கள், இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். வண்டி ஓடுவது ‘வேக’, ஆளை விரட்டுவது ‘பேக’. அவர்களுடைய எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குப் பெயர் ‘வேகதூத’.

நமக்கும் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. வாய்க்கு வாய் வரும் ‘சீக்கிரம்’ வடமொழிச் சரக்கு. தொல்காப்பியர் உரியியலில் கதழ்வு, துனைவு இரண்டுக்கும் விரைவு என்று பொருள் சொல்கிறார். ஆக, விரைவு அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்த சொல். அந்த இரண்டுக்கும் அப்போதே உரை தேவைப்பட்டிருக்கிறது. கதழ்வும் துனைவும் போய்ச் சேர்ந்துவிட்டன. விரைவு மட்டும் பஸ் போர்டில் பிழைத்துக் கிடக்கிறது, கிராமத்தில் ‘வெரசா’ என்று ஓடுகிறது.

ஆனால் பேக என்றதும் என் காதில் விழுவது பஸ் அல்ல, யமுனாகல்யாணி ராகம். வியாசராயர் பாடியதாகச் சொல்லும் கன்னடப் பாட்டு. ‘பேகனே’ என்று கண்ணனைச் சீக்கிரம் வரச் சொல்கிற பாட்டுதான். ஆனால் எந்தப் பாடகரும் அதைச் சீக்கிரமாகப் பாடி நான் கேட்டதில்லை. ‘பேகனே’யை இழுக்கிறார்கள், குழைக்கிறார்கள், திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் இதற்கு அபிநயம் பிடிக்கிறார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. காற்று புடவையைப் பிடுங்குகிறது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. கூப்பிடுகிறார், கொஞ்சுகிறார், பொய்க்கோபம் காட்டுகிறார். பிள்ளை உடனே வந்து நின்றுவிட்டால் பாட்டுக்கு என்ன வேலை? வராமல் போக்குக் காட்டுகிற வரைக்கும்தான் அம்மாவுக்குக் கொண்டாட்டம். டீக்கடைப் பேரனும் அப்படித்தான் வந்தான், கல்லை எத்திக்கொண்டு, ஆடி அசைந்து.

படம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பாருங்கள். ஓட்டிப் பார்க்கும் பொத்தானில் மட்டும் கை வைக்காதீர்கள்.