ஒட்ட வெட்ட எங்க போறது?

அறுப்பு நெருங்கிடுச்சுன்னா நான் முதல்ல பண்ற வேலை தலைமுடிய ஒட்ட வெட்டிக்கிறதுதான். மிஷின் அறுப்பு வந்தும் சுணை நம்மள விட்டபாடில்ல. நெல்லு தூத்தும்போது பறக்கிற தூசி முடிக்குள்ள இறங்கிட்டா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. அதனால மேல மூணாம் நம்பர், பக்கத்துல ரெண்டு. மூணுன்னா சுமார் ஒரு சென்டிமீட்டர் முடி நிக்கும், ரெண்டுன்னா ஆறு மில்லிமீட்டர். இந்தக் கணக்கச் சொல்லிட்டா எந்தக் கடையிலயும் ஒரே மாதிரிதான் வரும்.

இதுக்குப் போய் டவுன்ல ஏசி கடை எதுக்குங்கிறது என் கட்சி. நம்மூர் கடையில 100 ரூபா. செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. பெஞ்சுல உட்கார்ந்து பேப்பர் படிச்சு, ஊர்க்கதை கேட்டு முடிக்கிறதுக்குள்ள நம்ம முறை வந்துடும். புது பிளேடு போடுறாரான்னு மட்டும் பார்த்துக்கிட்டா போதும்.

என்கூட பதினஞ்சு வருஷமா வயல்ல நிக்கிறவர் ஒருத்தர் இருக்கார். காலனித் தெருக்காரர். அவர் மட்டும் முடிவெட்ட பஸ் ஏறி டவுனுக்குத்தான் போவார். அரைநாள் கூலி போயிடும். "என்னப்பா, சினிமாவுல நடிக்கப் போறியா?"ன்னு நானும் வருஷக்கணக்கா கிண்டல் பண்ணியிருக்கேன். சிரிச்சுட்டுப் போயிடுவார்.

போன மாசம் அவர் பையனுக்கும் டவுன்லதான்னு சொன்னார். "சின்னப் பையனுக்கு என்னப்பா, இங்கயே வெட்டிவிடேன்"னேன். மம்பட்டியக் கீழ வச்சார். "அங்க எங்களுக்கு வெட்ட மாட்டாங்கண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. அந்த பெஞ்சுல அவங்க தெரு ஆள் ஒருத்தர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே. பார்த்ததில்லைங்கிறதக்கூட யோசிச்சதில்ல.

கடைக்காரர்கிட்ட தனியாக் கேட்டேன். கத்தரிய நிறுத்திட்டுச் சொன்னார்: "நான் வெட்டுறேன். மறுநாள் நீங்கள்லாம் வருவீங்களா? எங்கப்பா உங்க வீட்டுக் கொல்லையில நின்னு முடிவெட்டி, களத்துல நெல்லு வாங்கினவரு. எனக்குத் தெரியாத வலியா?" அவர் மேல கோவப்பட்டுத் தப்பிக்கலாம்னுதான் போனேன், முடியல.

இப்படி மறுக்கிறது குற்றம்னு 1955லயே சட்டம் வந்தாச்சு. எனக்கு அப்ப பிறப்பே இல்ல.

இந்தத் தடவை அவரோட டவுனுக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ரெண்டு பேருக்கும் மூணாம் நம்பர். எந்த ஊரு, எந்தத் தெருன்னு யாரும் கேட்கல. திரும்பி வரும்போது, "அடுத்த தடவ நம்மூர் கடைக்கே சேர்ந்து போவோம்"னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னார்: "நீங்க வெட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்கண்ணே. அப்புறம் வர்ற பேச்ச நாங்கதானே கேட்கணும்."

அதுவும் சரிதான். அவர அழைச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி அந்த பெஞ்சுல உட்கார்றவங்ககிட்ட நான் பேசணும். நாலஞ்சு பேர்தான். அதுல ரெண்டு பேர் என் பங்காளிங்க. மாசியில முடி மறுபடி வளர்ந்துடும். அதுக்குள்ள பேசியாகணும்.