மாசி மாதத்துப் பால்மரக் காடு

செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் குடும்பம் எந்தத் தோட்டம்?" என்பதைத்தான். ஈப்போவில் அடுக்குமாடியில் குடியிருப்பவரிடமும், கோலாலம்பூருக்கே போய்விட்டவரிடமும் பெரும்பாலும் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பாட்டி மரம் சீவிய தோட்டம், அப்பா பந்து விளையாடிய திடல், தாம் பிறந்த லயம். அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். பாலைவனமும் எரிமலையும் கண்ணுக்கு அழகுதான். ஆனால் ஒரு நிறம் ஏன் அந்த இடத்தில் அப்படி விழுந்திருக்கிறது என்ற கேள்வி, நாம் நடந்து பழகிய மண்ணைப் பார்க்கும்போதுதான் எழுகிறது.

தோட்டத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. பல தோட்டங்களின் பெயர்கள் இன்றைய வரைபடங்களில் இல்லை. பேராவில் எனக்குக் கைகொடுத்த வழி தமிழ்ப்பள்ளி. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி என்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. 1948 ஜூன் 16ஆம் தேதி அந்த வட்டாரத்தில் பிரிட்டிஷ் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலப் பிரகடனம் அதையொட்டித்தான் வந்தது. அந்தக் கொலைகள் நடந்த இடங்களில் ஒன்று எல்பில் தோட்டம். வரலாற்று நூலில் ஒரு வரியாக வந்துபோகும் அந்த இடத்தை 'லாடாங் எல்பில்' என்று தட்டித் தேடிப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தோட்டப் பெயரை வைத்துக்கொண்டு வேறு இடத்துக்கு மாறிவிட்ட பள்ளிகளும் நாட்டில் உண்டு. அந்தப் பள்ளியை ஒட்டி ஆறு ஓடியதா, கோயில் எந்தப் பக்கம், இரயில் பாதை எவ்வளவு தூரம் என்று பெரியவர்களிடம் கேட்காமல் குறி வைக்காதீர்கள்.

கிட்டத்தில் போய்ப் பார்க்க கூகுள் எர்த் புரோ போதும். கணினியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கடிகாரச் சின்னத்தை அழுத்தினால் அதே இடத்தின் பழைய படங்கள் வரும். செம்பனை ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரித் தனித்துத் தெரியும். ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண ஒழுங்கில் நட்டிருப்பார்கள். வளர்ந்த பால்மரம் அப்படித் தெரியாது, கிளைகள் கூடி மூடிவிடும். இந்த ஒழுங்கு கண்ணுக்குப் பழகிவிட்டால், ஒழுங்கு கெட்ட இடங்கள் தாமாகவே தென்படத் தொடங்கும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே உயரமான மரங்கள் சில கூடி நின்றால், அங்கே லயம் இருந்திருக்கலாம். மாவும் பலாவும் தென்னையும் குடியிருந்தவர்கள் வைத்தவை. வீட்டை இடித்த பிறகும் அவை நிற்கும். வரிசை விலகிப் போகிற ஒரு புதர்த்திட்டு, தோட்டத்து இடுகாடாக இருக்கலாம். சிறு கூரையும் பக்கத்தில் ஒரு பெரிய மரமும் கோயிலாக இருக்கலாம். எல்லாவற்றையும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். படம் இடத்தைக் காட்டும். அது என்ன என்பதை அங்கே வாழ்ந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கூர்மையான படங்கள் பெரும்பாலும் 2000க்குப் பிறகு எடுக்கப்பட்டவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த கதையோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அதைப் பார்க்க லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்கள் வேண்டும். முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் மேலே போனது. 1984இல் போன லேண்ட்சாட் 5, முப்பது மீட்டர் நுணுக்கத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் படம் எடுத்தது. ஒரு படத்துக்கு 600 அமெரிக்க டாலர் கேட்ட காலம் இருந்தது. 2008இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் தன் லேண்ட்சாட் சேமிப்பை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட முடிவெடுத்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் தன் ஊரின் நாற்பது ஆண்டு மாற்றத்தை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிவது அந்த முடிவால்தான். நான் அதை மிகப் பெரிய கொடையாகவே நினைக்கிறேன். எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, ஆண்டைக் கொடுத்தால் பட்டியல் வரும்.

முப்பது மீட்டர் புள்ளி என்றால் ஓர் ஏக்கருக்கு நாலரைப் புள்ளிதான். அதில் லயத்தைத் தேட வேண்டாம். தோட்டத்தின் எல்லையைத் தேடுங்கள்; மரங்களை அழித்து மண் வெளுத்துக் கிடந்த ஆண்டைத் தேடுங்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரே தோட்டமாக இருந்த நிலம் வெவ்வேறு வயது மரங்களோடு சிறு சிறு கட்டங்களாகத் தெரியும்போது, அது துண்டாடலின் தழும்பா என்று விசாரிக்கத் தோன்றுகிறது. ஓர் எச்சரிக்கை: 2003 மே மாதக் கடைசிக்குப் பிந்திய லேண்ட்சாட் 7 படங்களில் கறுப்புக் கீற்றுகள் ஓடும். கருவியின் ஒரு பாகம் பழுதானதால் வந்தவை அவை. அந்த ஆண்டுகளுக்கு லேண்ட்சாட் 5 இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் அதிக நேரம் செலவழிப்பது ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில். 2015இலிருந்து கிடைக்கின்றன, பத்து மீட்டர் புள்ளி, ஏக்கருக்கு நாற்பது. இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி வருவதால் ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தின் படம் கிடைக்கும். கோபர்னிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். ஆனால் பேராவைத் திறந்ததும் எல்லாமே பச்சை. செம்பனை, பால்மரம், டுரியான் தோப்பு, மலைக்காடு எல்லாம் ஒரே பச்சை. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சலித்துப்போகிறார்கள்.

இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவது, நிறத்தை மாற்றுவது. நம் கண்ணுக்கு எட்டாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலை வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. 'ஃபால்ஸ் கலர்' என்ற தேர்வை அழுத்தினால் அந்த ஒளி சிவப்பாகக் காட்டப்படும். தழைத்த மரங்கள் எல்லாம் செக்கச் சிவந்து நிற்கும். இரண்டாவது, மாதத்தைத் தேர்ந்தெடுப்பது. இதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தை கழிந்து மாசி வந்தால் பால்மரம் இலை பழுத்து உதிர்க்கும், காலடியில் சருகு நொறுங்கும், பால் குறையும், சம்பளமும் குறையும். மரம் சீவிய எவரும் அறிந்த பருவம் அது. அமேசான் காட்டிலிருந்து வந்து, 1877இல் கோலகங்சாரில் கன்றாக ஊன்றிய மரம், வறண்ட மாதத்தில் இலை உதிர்க்கும் வழக்கத்தை இங்கேயும் விடவில்லை. செம்பனைக்கு அந்த வழக்கம் கிடையாது.

ஆகவே பிப்ரவரி, மார்ச் படம் ஒன்றையும் மே மாதப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செம்பனை இரண்டிலும் சிவப்பாகவே இருக்கும். பால்மரக் காடு மட்டும் மாசியில் மங்கிப் பழுப்பாகி, புதுத் தளிர் விட்டதும் பளிச்சென்று சிவந்துவிடும். எல்லா மரங்களும் ஒரே வாரத்தில் உதிர்ப்பதில்லை, ஆண்டுக்கு ஆண்டு மழையும் மாறும். எனவே பல ஆண்டுகளின் படங்களை ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, செம்பனைக் கடலுக்குள் எஞ்சியிருக்கும் சின்னஞ்சிறு பால்மரத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். மரம் சீவியவர்களின் அறிவைக் கொண்டு, விண்வெளியிலிருந்து எடுத்த படத்தைப் படிக்கிறோம். இந்த வேலையில் எனக்கு இதைவிட நிறைவு தருவது வேறொன்றும் இல்லை.

மேகம் பெரிய தொல்லை. சென்டினல்-2 நம் தலைக்கு மேல் வருவது மலேசிய நேரப்படி முற்பகல் பதினொன்றரையை ஒட்டி. அதற்குள் மலைப்பக்கம் மேகம் கூடிவிடும். தளம் காட்டும் மேக விழுக்காடு ஒரு பெரிய கட்டம் முழுவதற்கும் ஆனது. அறுபது விழுக்காடு மேகம் என்று போட்டிருந்தாலும் உங்கள் தோட்டம் தெளிவாக இருக்கக்கூடும், திறந்து பார்க்காமல் ஒதுக்காதீர்கள். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைச் சென்டினல்-1 தருகிறது. அவற்றைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

கண் பழக இன்னோர் எளிய இடம், கம்பார், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் வட்டாரங்களில் கிடக்கும் ஈய லம்பங்கள். அகச்சிவப்பில் நீர் கறுப்பாகத் தெரியும் என்பதால் கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்கக் கறுந்திட்டுகளாக இருக்கும். 1985இல் ஈய விலை சரிந்த பிறகு சுரங்கக் குழிகள் எப்படி ஏரிகளாயின, எவை தூர்ந்து வீடமைப்புப் பகுதிகளாயின என்பதை லேண்ட்சாட்டில் தொடர்ந்து பார்க்கலாம்.

கண்டுபிடித்த ஒவ்வோர் இடத்துக்கும் கூகுள் எர்த்தில் குறி வைத்து, தோட்டத்தில் வழங்கிய பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதிப் படம், யார் சொல்லி உறுதியானது என்பதையும் குறிப்பில் சேருங்கள். குறிகளைக் கோப்பாகச் சேமித்தால் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியும். பழைய தோட்டத்துக்காரர்கள் அதைப் பார்த்ததும் பக்கத்து டிவிஷனின் பெயரையும், ஆயாக்கொட்டகை இருந்த மேட்டையும், பால் நிறுத்த இடத்தையும் சொல்லத் தொடங்குவார்கள். அவற்றுக்கும் குறி வையுங்கள்.