தேவதானத்து மழையும் துருவத்துப் புதரும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி சாலையில் சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. சுவாமியின் பெயரே ஒரு கதை: நச்சாடை தவிர்த்தருளியவர். பாண்டியனுக்குப் பகைவன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து காத்தவராம். கும்பிட்டுவிட்டு மேற்கே பாருங்கள், மலை சுவர் மாதிரி நிற்கும்.

ஜூன், ஜூலையில் அரபிக்கடலின் ஈரம் அந்தச் சுவருக்கு மறுபக்கம், கேரளத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் வெறும் காற்று. நல்ல மழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை வங்கக்கடலைப் பார்த்திருக்க வேண்டும். சாஸ்தா கோயில் அணையும் கண்மாய்களும் பெரிதும் அதை நம்பித்தான். ஒரே மலை, அங்கே மழைக்காடு, இங்கே அடிவாரத்தில் முள்ளும் புதரும். வெயில் எல்லோருக்கும் உண்டு, ஈரம்தான் செடியின் கதையை எழுதுகிறது.

பூமியின் வடகோடியிலும் இதே கணக்குதான். அங்கே மரமே வளராத தூந்திரா சமவெளியை ஒட்டியிருக்கும் கடல், பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். அந்தப் பனிப்பரப்பு 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 1979-ல் தொடங்கிய செயற்கைக்கோள் கணக்கில் அதுவே மிகக் குறைவு. வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும்; திறந்த கடல்நீர் அதை விழுங்கிவிடும். அந்தச் சூடு கரைக்கும் ஏறுகிறது.

குளிர் குறைந்தால் செடிக்குக் கொண்டாட்டம்தானே? பல இடங்களில் ஆமாம். தரையோடு படர்ந்திருந்த குட்டை பிர்ச், வில்லோ புதர்கள் உயர்ந்து அடர்கின்றன. ஆனால் அந்தப் புதர்த் தண்டுகளின் ஆண்டு வளையங்களை அளந்த ஆய்வாளர்களுக்கு இன்னொரு காட்சியும் கிடைத்தது. கடல் பனி குறையக் குறைய, ஈரமான இடத்துப் புதரில் வளையம் அகலமாகிறது. வறண்ட இடத்தில் ஒடுங்குகிறது. சூடு மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறதே! புதர் அடர்ந்த இடத்திலும் சிக்கல் உண்டு. துருவ மான்கள் குளிர்காலத்தில் மேயும் லைக்கன், நிழலில் நலிந்துபோகிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் இயங்குகிறது. ஆர்க்டிக் பனிக்கும் நம் பருவமழைக்கும் என்ன உறவு என்பது இந்திய விஞ்ஞானிகள் துருவிக்கொண்டிருக்கும் கேள்விகளில் ஒன்று. பதில் தெளிவானால், தேவதானத்து நெல் வயல்காரருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும்.

சாஸ்தா கோயில் அருவிக்கும் போகும் எண்ணமிருந்தால், வனத்துறையிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.