எழுந்துவிட்டால் போதுமா?

பணப் பரிவர்த்தனையைக் கவனிக்கும் கன்டெய்னர் அரை மணிக்கு ஒருமுறை செத்து, சில விநாடிகளில் தானாகவே உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து புகார் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இரவுப் பணிக் குழுவோடு நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது இது.

"குபர்நெட்டீஸ் எழுப்பிவிட்டுடும் சார்" என்றான் புதிதாகச் சேர்ந்த இளைஞன், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருளைச் சொல்லி. குழுத் தலைவி திரையில் 137 என்ற எண்ணைக் காட்டினார். லினக்ஸில் 128-உடன் சிக்னல் எண் 9-ஐக் கூட்டினால் வருவது. அந்த 9-க்கு மறுபேச்சில்லை, கொலைதான். பக்கத்திலேயே காரணமும் இருந்தது: ஒதுக்கிய மெமரியைத் தாண்டியதால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது.

அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் ஹார்ட் டிஸ்க் மாற்றும் வேலையில் தொடங்கியவர் இந்தத் தலைவி. பிறகு விர்ச்சுவல் மெஷின், இப்போது கன்டெய்னர். விர்ச்சுவல் மெஷின் தனி வீடு என்றால் கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். அறைகள் வேறு வேறு, கிணறு மட்டும் பொது. அந்தக் கிணறுதான் கெர்னல். யார் எவ்வளவு இறைக்கலாம் என்று அளந்துவைக்கும் 'சி-குரூப்ஸ்' வேலையை 2006-இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கினார்கள். 2008-இல் வந்த லினக்ஸ் 2.6.24-இல் அது சேர்ந்தது. 2013-இல் சாலமன் ஹைக்ஸ் ஒரு பைத்தான் மாநாட்டில், கன்டெய்னர்களை உருவாக்கி இயக்கும் டாக்கரைச் செய்துகாட்டியதும், மறு ஆண்டே கூகுள் குபர்நெட்டீஸை வெளியிட்டதும் அதன் மேல் எழுந்தவை.

மெமரி வரம்பை இரட்டிப்பாக்கிவிட்டால் அன்றிரவு எல்லோரும் தூங்கியிருக்கலாம். தலைவி சம்மதிக்கவில்லை. குபர்நெட்டீஸ் ஒரு கன்டெய்னரை முறையாக நிறுத்தும்போது முதலில் தகவல் அனுப்பும்; கையிலிருக்கும் வேலையை முடிக்க, வேறு ஏற்பாடு இல்லையென்றால், 30 விநாடி தரும். மெமரி மீறலில் அந்த அவகாசம் கிடையாது. அப்படியானால் ஒவ்வொரு சாவிலும் யாரோ ஒருவருடைய பணம் கணக்கிலிருந்து கழிந்து, போய்ச் சேராமல் நடுவில் நிற்கிறது. இதை அவர் சொன்னபோதுதான் அந்தப் பச்சை நிறம் எனக்குக் கோபமூட்டியது. எந்திரம் தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் என்று நாம் வியக்கிறோம். நோய் யாருடைய உடம்பில் தங்குகிறது என்று கேட்பதில்லை.

மெமரி வரைபடத்தை நாள் வாரியாகப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார்கள். கோடு சீராக ஏறி, சட்டென்று விழும் பழக்கம் சமீபத்திய ரிலீஸ் நாளில் தொடங்கியிருந்தது. முதலில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பினார்கள். பிறகு நிரலைத் துருவியதில் காரணம் அகப்பட்டது: விரைவுக்காகச் சேமித்துவைக்கும் பதில்களை உள்ளே போடுவதற்கு வரி இருந்தது, வெளியே எடுப்பதற்கு இல்லை. நடுவில் நின்ற பரிவர்த்தனைகளைப் பட்டியலெடுத்து வங்கிக் குழுவுக்கு அனுப்பியபோது விடிந்துவிட்டது.

நடந்ததைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கையில் நிரலை எழுதியவர் பெயர் இல்லை. எழுதியவரைச் சுட்டினால் அடுத்த முறை உண்மை வெளியே வராது என்பதால் பெயரைத் தவிர்ப்பது இந்தத் தொழிலில் பலரும் மதிக்கும் வழக்கம். அதற்குப் பதிலாக, 'கன்டெய்னர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தோம், எத்தனை முறை விழுந்தது என்று பார்க்கவில்லை' என்று எழுதினார்கள். மறுதொடக்க எண்ணிக்கைக்கு அலர்ட் வைக்கும் பொறுப்பை அந்த இளைஞனிடமே கொடுத்தார் தலைவி.