குறைத்து உண்டால் ஆயுசு கூடுமா?

உபவாச ஜெபம் முடிந்த மாலையில் பிரியாணிப் பொட்டலங்கள் பிரிக்கப்படுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். காலையில் விட்டதை இரவில் வட்டியோடு வாங்கிக்கொள்ளுகிறோம்! உபவாசத்தின் ஆவிக்குரிய காரியத்தைக் குறித்து எழுத நான் முற்படவில்லை, அது வேறே. சரீரத்தைப் பற்றி மாத்திரம் பேசுகிறேன். ஒருவர் நாள்தோறும் கொஞ்சம் குறைத்து உண்டால், அவருடைய மரபணுக்களில் என்ன நேரிடுகிறது?

கேள்வி பழையது. 1935-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே என்பவர் எலிகளுக்கு ஆகாரத்தைக் குறைத்தார். வைட்டமின்களையும் தாது உப்புகளையும் குறைக்கவில்லை. அவை வயிறார உண்ட எலிகளைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்தன. அளவு குறைந்தது, சத்து குறையவில்லை. இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மனிதரில் இதைச் சோதிக்க 2007-ல் அமெரிக்காவில் 'காலரி' என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஐம்பது வயதைத் தாண்டாத, உடல் பருமனில்லாத சுமார் 220 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், இரண்டு ஆண்டுகள் ஆகாரத்தின் கலோரியில் 25 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்பது திட்டம். அவர்களால் கூடியதோ சராசரியாக 12 சதவீதம்தான். தீர்மானத்துக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் அமெரிக்காவிலும் அவ்வளவுதான் போலும். ஆனாலும் அந்தப் பன்னிரண்டே வேலை செய்தது. அவர்களுடைய தொடைத் தசையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்ததில், பெலனை உண்டாக்கும் மரபணுக்கள் சுறுசுறுப்படைந்திருந்தன. அழற்சியைத் தூண்டுகிறவை அடங்கியிருந்தன. தசை சற்றுக் குறைந்தும் அதன் வலிமை குறையவில்லை. இது 2023-ல் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், யேல் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் விஸ்வ தீப் தீட்சித் என்ற இந்திய விஞ்ஞானியும் அவர் குழுவினரும், இதே மனிதர்களின் கொழுப்புத் திசுவில் பி.எல்.ஏ.2ஜி.7 என்ற மரபணு தணிந்திருந்ததைக் கண்டார்கள். எலிகளில் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, முதுமையின் அழற்சி குறைந்தது.

மரபணுவின் எழுத்துகள் மாறிவிடுகின்றன என்று நினையாதிருங்கள். எழுத்து அப்படியே இருக்கிறது. எது வாசிக்கப்படுகிறது, எது மூடி வைக்கப்படுகிறது என்பதே மாறுகிறது. மரபணுவின்மேல் ஒட்டும் மெத்தில் என்னும் இரசாயனக் குறிகளை எண்ணி, ஒருவர் எவ்வளவு வேகமாக மூப்படைகிறார் என்று கணிக்கும் முறைகளும் உண்டு. அவற்றில் ஒன்றின்படி, குறைத்து உண்டவர்களின் மூப்பின் வேகம் 2 முதல் 3 சதவீதம் தணிந்தது. வேறு இரண்டு கணிப்புகளிலோ மாற்றமே தெரியவில்லை. ஆகையால் 'பத்து வயது குறையும்' என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்பவேண்டாம்.

2024-ல் 960 சுண்டெலிகளை வைத்து நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. குறைவாக உண்டவை அதிக நாள் வாழ்ந்தன, மெய்தான்; ஆனால் ஆயுசைத் தீர்மானித்ததில் ஆகாரத்தைவிடப் பிறப்பில் வந்த மரபணுவின் பங்கே பெரிது. மேலும், அப்படிக் குறைத்து உண்டவற்றுள்ளும் எடையை அதிகமாய் இழக்காமல் தாங்கினவையே நீடித்தன. மெலிந்துபோனவை முந்தி மடிந்தன.

இதை வாசித்தபோது பங்காருபாளையத்தில் தனியே இருக்கும் என் தாயார் என் கண்முன் நின்றார்கள். மாங்காய் மண்டிக்குப் பேர்போன ஊர் அது. ஆனி மாதத்தில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள் வழியெல்லாம் நிற்கும். பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்டோம். எழுபத்துநான்கு வயதில் அவர்கள், "ஒரு ஆளுக்கு எதுக்குப்பா உலை வைக்கணும்?" என்று சொல்லி, காலையில் கிண்டிய கேழ்வரகுக் களியில் ஓர் உருண்டையை மோரில் கரைத்து இரவுக்கும் வைத்துக்கொள்ளுகிறார்கள். கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது. பக்கத்து வீட்டார், "கொஞ்சமாய்ச் சாப்பிடுறதால்தான் இந்த வயசிலும் சுகமாய் இருக்கிறீங்க" என்று மெச்சுகிறார்களாம்.

வாசகரே, இது இச்சையடக்கம் அல்ல, தனிமை. 'காலரி' ஆய்வில் ஐம்பதைக் கடந்தவர் ஒருவரும் இல்லை. சத்துக் குறையாதபடி அவர்களுக்கு வைட்டமின் மாத்திரைகளும் கொடுக்கப்பட்டன. முதிர்வயதில் தசை தானாகவே கரையும். புரதமும் குறைந்தால் இன்னும் விரைவாய்க் கரையும். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை உண்கிறவர்கள் வேளை தவறினால் மயக்கமும் வரலாம்.

பசியும் மரபணுவில் தடம் பதிக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் உண்டான பஞ்சத்தின்போது கருத்தரிக்கப்பட்டவர்களை அறுபது ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் அவர்களுக்கு மெத்தில் குறிகள் குறைந்திருந்தன என்று 2008-ல் அறிவித்தார்கள். மெக்கேயின் எலிக்கு அளவு மட்டுமே குறைந்தது. அந்தத் தாய்மாருக்கோ எல்லாமே குறைந்தது.

குறைக்க வேண்டிய தட்டு நகரத்தில் இருக்கிற நம்முடையது. இந்தியருக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் அரிசி, கோதுமை, சர்க்கரை போன்ற மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2025-ல் தெரிவித்தது. குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், நூறாண்டுகளுக்கு முன்னமே இந்தியாவின் பற்பல பகுதியாரின் ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்தின் தீட்டிய அரிசிச் சோற்றை உண்டவை நலிந்தன. அவர் குன்னூரில் 1918-ல் ஓர் அறையில் தொடங்கின வேலைதான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாம் இன்றும் அதே சோற்றை, இரண்டாம் முறையும் கேட்டு வாங்குகிறோம்.

என் வீட்டில் இரவுச் சோறு ஒரு கரண்டியாயிற்று. சுண்டலும் கீரையும் கூடின. தாயாருக்கோ எதிர்த்திசையில் ஏற்பாடு. அடுத்த தெருவில் தனியே இருக்கும் ஒரு சகோதரியும் அவர்களும் இப்போது ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். மதியம் பருப்பு, இரவில் ஆளுக்கு ஒரு முட்டை. தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்ற ஒரே பதில்தான் வரும். அதனால் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கிறேன். போன வாரம், "முட்டை வாங்கியே என் பென்ஷன் தீர்ந்துபோகுது" என்று முறையிட்டார்கள்.